ஈர மருந்துக்கு ஒரு மதிப்பெண்

எம். புதுப்பட்டி
8 ஜூலை 2024

மாரிச்செல்விக்கு,

நீ என் பேத்திக்கு அநியாயம் செய்திருக்கிறாய். அவள் எழுதிய சரியான விடைக்கு ஐந்துக்கு ஒன்று போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ‘தவறு’ என்று எழுதியிருக்கிறாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பேத்தி பெயர் எழில். பதினொன்றாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. என் மகன் மாரிக்கண்ணனின் மூத்த பிள்ளை. பதிவேட்டில் ஊரையும் அப்பன் பெயரையும் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நீ என் தம்பி சின்னச்சாமியின் மகள். பட்டாசு செய்யும் பயர் ஆபீஸில் நடந்த விபத்தில் அவன் போனபிறகு உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் போய்விட்டாள். இருபத்தாறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அந்தக் கோபத்தை ஒரு பிள்ளையின் பேப்பரில் காட்டியிருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

எழில் உன்னிடம் வந்து கேட்க மாட்டேன் என்கிறாள். எனக்காக வீட்டில் வைத்திருக்கும் சிலேட்டில், ‘விடுங்க தாத்தா, கிளாஸ் டெஸ்ட்டுதான’ என்று எழுதிக் காட்டினாள். நான் விடுகிற ஆள் இல்லை. அவள் பேப்பரை வாங்கி நானே படித்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீசு, வெடிமருந்து டிரம்முகளில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் படித்து வந்தது. அகராதி வைத்துக்கொண்டால் எதையும் படிப்பேன்.

நீ இங்கிலீசில் கொடுத்த வரி தமிழில் இது. பகைவன் முன்னால் நின்று ஒரு தளபதி சொல்கிறான்: ‘அஞ்சாதே, என் சினம் மழையில் நனைந்த வெடிமருந்து.’ இதன் பொருளை விளக்கு என்பது கேள்வி. எழில் எழுதியது: ‘இது உருவகம். சினம் வெடிமருந்தாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நனைந்த மருந்து அடங்கிய மருந்து இல்லை. அது உள்ளே தானாகச் சூடேறும். முதலில் வாடை விடும். பிறகு யாரும் தொடாமலே வெடிக்கும். ஆகவே தளபதி மன்னிக்கவில்லை. அது அவனுக்கே தெரியாது.’

இதில் எது தவறு? பதில் வேண்டும். என் காது இரண்டும் அந்த விபத்தோடு போய்விட்டது, போன் ஆகாது. வாட்ஸ்அப்பும் வேண்டாம், அதை அழித்துவிடலாம். பிள்ளை கையில் கொடுத்தனுப்பவும் வேண்டாம். தபாலில் எழுது. முத்திரையில் தேதி இருக்கும்.

மற்றபடி இங்கு எல்லாரும் சுகம். உன் அம்மா குருவம்மாளுக்கு முட்டு வலி என்று கேள்விப்பட்டேன். நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்.

உக்கிரபாண்டி,
முன்னாள் போர்மேன்

(தாள் போன வருட டைரி. அச்சாபீஸில் மிஞ்சியது. மேலே இருக்கும் தேதியைப் பார்த்துக் குழம்பாதே.)


விருதுநகர்
15 ஜூலை 2024

மதிப்பிற்குரிய திரு. உக்கிரபாண்டி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் பள்ளி முகவரிக்கு வந்து சேர்ந்தது. தாங்களும் எழிலின் பெற்றோரும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. என் அம்மா நன்றாக இருக்கிறார்.

பெற்றோர் யார் கேட்டாலும் மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்வது என் கடமை. இந்தப் பருவத்தில் பிள்ளைகள் நானூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலத் துன்பியல் நாடகம் படிக்கிறார்கள். அதில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. பயத்தைக் காற்று என்பார்கள், பொறாமையை நோய் என்பார்கள். ஒருவன் தன்னை எதோடு ஒப்பிடுகிறான், ஏன் அதோடு ஒப்பிடுகிறான், அந்த ஒப்புமையில் அவன் எதை மறைக்கிறான் என்று பிள்ளைகள் பென்சிலால் கோடிட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் பாடம்.

நாடகத்திலிருந்தே ஒரு வரியைக் கொடுத்தால் கைடைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அதனால் அதே பாணியில் நானே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். நனைந்த மருந்து பற்றாது. ஆகவே தளபதியின் சினம் தணிந்துவிட்டது. இதுதான் நான் எதிர்பார்த்த விடை. எழில் வரியை விட்டுவிட்டு வெடிமருந்தைப் பற்றி எழுதிவிட்டாள். உருவகத்துக்குப் பொருள் காணும்போது, பேசுகிறவன் என்ன நினைத்துச் சொன்னான் என்பதுதான் முக்கியம்.

எழில் புத்திசாலி. அவளிடம் எனக்கு எந்த வேறுபாடும் இல்லை. தாங்கள் குறிப்பிட்ட பழைய விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கள் உண்மையுள்ள,
சி. மாரிச்செல்வி
முதுகலை ஆசிரியை (ஆங்கிலம்)


எம். புதுப்பட்டி
22 ஜூலை 2024

மாரிச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. எழுதியிருப்பதுதான் சரியில்லை.

உன் நாடகத்தை எழிலிடம் வாங்கிப் படித்து முடித்துவிட்டேன். உனக்கு முதல் கடிதம் எழுதிய மறுநாளே தொடங்கியது, அகராதியோடு பதினோரு நாள் ஆனது. கடைசியில் அத்தனை பேரும் சாகிறார்கள். ஒரு பயர் ஆபீஸ் இப்படி நடந்தால் சீல் வைத்துவிடுவார்கள். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த ராசா தன் மனதைப் பற்றி எதைச் சொன்னாலும் இரண்டு பக்கம் தள்ளி அது பொய்யாகிப் போகிறது. எழில் எழுதியதும் அதுதானே? தளபதி சொல்வதை அப்படியே நம்பினால், அந்த நாடகத்தை நீ நடத்தியே பிரயோசனம் இல்லை.

இப்போது மருந்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் மருந்தோடு இருந்தவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். அலுமினியத் தூள் கலந்த மருந்து காய்ந்து கிடந்தால் அது தூங்குகிற நாய். மிதிக்காத வரைக்கும் ஒன்றும் செய்யாது. ஈரம் ஏறினால் அது முழித்துக்கொள்ளும். வெளியே தொட்டால் குளிர்ந்திருக்கும், உள்ளே அடுப்பு எரியும். இதை நாங்கள் மருந்து நீர்த்துப்போச்சு என்போம். அதனால்தான் அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். மிச்சத்தை ஒரு ராத்திரிகூட வைக்கக் கூடாது. போர்மேனுக்கு இதுதான் முதல் பாடம்.

உன் தளபதிக்கு இது தெரியாமல் இருக்கலாம். வரியை எழுதிய உனக்கும் தெரியவில்லை. தெரிந்த பிள்ளைக்கு ஒரு மதிப்பெண். என்ன நியாயம்?

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆபீஸ்களில் சீசன் வேலை, மாரிக்கண்ணன் விடியுமுன்னே வேன் எடுத்துப் போகிறான். நீ பஸ்ஸில் தினமும் போய் வருகிறாயாம். தண்ணீர் கொண்டு போ.

உக்கிரபாண்டி,
முன்னாள் போர்மேன்


விருதுநகர்
1 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதிலுக்குத் தாமதமானது. அம்மாவை முட்டு வலிக்கு மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். நல்லெண்ணெய் வைத்தியத்தைக் கேட்டு அம்மா சிரித்தார். யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை.

தங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினேன். ‘தளபதி அடங்கிவிட்டானா?’ என்று கேட்டேன். ஹரிபிரசாத் எழுந்தான். அவன் அப்பாவுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம்.

“அடங்கிட்டான் மிஸ். நனைஞ்சது எப்படிப் பத்தும்?”

பின் பெஞ்சிலிருந்து ஆர்த்தி குரல் கொடுத்தாள். “ஏலே, ஒங்க அச்சாபீஸ் பேப்பர் நனைஞ்சா பத்தாது. மருந்து என்ன காலண்டராலே?”

“கைடுல நனைஞ்சதுன்னா தணிஞ்சதுன்னுதான் போட்டிருக்கு மிஸ்.”

“கைடு எழுதுனவரு என்னைக்குலே பயர் ஆபீஸ் வேன்ல ஏறுனாரு?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஈர மருந்துதான் ஆபத்து என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். முப்பத்தாறு பேரில் இருபத்தெட்டுக் கைகள். ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஆபீஸுக்குப் போகிற ஓர் அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். அந்த விடையை எழுதிய எழிலோ கை தூக்காமல் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் சங்கடப்படுத்திவிட்டேன்.

அந்த வகுப்பில் மருந்தைப் பற்றித் தெரியாதவள் நான்தான். பட்டாசு ஆபீஸுக்கு அப்பாவைக் கொடுத்துவிட்டு, மருந்து என்ற பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்தேன். அம்மா அப்படி வளர்த்தார்.

எழிலுக்கு மூன்றாக மாற்றியிருக்கிறேன். ‘தவறு’ என்பதை அடித்துவிட்டேன். மொழிநடைக்கு இரண்டு குறைத்திருக்கிறேன், அது நியாயம்தான்.

ஒரு சந்தேகம். சூடேறும் என்பதைக் கை தூக்கிய பிள்ளைகள் எல்லாரும் சொன்னார்கள். ‘முதலில் வாடை விடும்’ என்பதை எழில் தவிர ஒருவரும் சொல்லவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

தங்கள் உண்மையுள்ள,
சி. மாரிச்செல்வி


எம். புதுப்பட்டி
6 ஆகஸ்ட் 2024

மாரிச்செல்விக்கு,

மூன்று என்பது பாதி நியாயம். பாதி நியாயத்தை நான் வாங்கிக்கொள்வதில்லை. சரியான விடைக்கு ஐந்து. மொழிநடை என்கிறாய். அகராதியில் தேடிப் பார்த்துவிட்டேன், அவள் எழுத்தில் பிழை ஒன்றே ஒன்று. அதற்கு இரண்டு மதிப்பெண்ணா? எந்தக் கடையில் இந்த எடை?

அந்த ஆர்த்தி நல்ல பிள்ளை. வாய் இருக்கிறது. பிழைத்துக்கொள்ளும்.

வாடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது மருந்தோடு இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடு.

எல்லாரும் சுகம்.

உக்கிரபாண்டி


விருதுநகர்
16 ஆகஸ்ட் 2024

பெரியப்பாவுக்கு,

இந்தச் சொல்லை எழுதி இருபத்தாறு வருடம் ஆகிறது. ஐயா என்று எழுதினால் இந்தக் கடிதத்தில் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாது. உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன்.

விடச் சொன்னீர்கள். நான் விடவில்லை. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். எழிலைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மழை பெய்ஞ்சா தாத்தா எந்திரிச்சு வீடு பூரா மோந்து பாப்பாரு மிஸ். அடுப்பங்கரை, அரிசிச் சாக்கு, என் புத்தகப் பை, அம்புட்டையும். அப்பா ஏன்னு கேட்டா, ‘ஈர மருந்து மொதல்ல வாடை விடும்லே’ம்பாரு. எங்க வீட்ல மருந்தே கெடையாது மிஸ்.”

நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை உங்கள் கடிதங்களில் செய்து பார்த்தேன். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்று பென்சிலால் கோடிட்டேன். மருந்து என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தம்பி என்பது முதல் கடிதத்தில் ஒரே ஒரு முறை. மிச்ச மருந்தை ஒரு ராத்திரிகூட வைக்கக் கூடாது என்று அவ்வளவு அழுத்தி எழுதிய நீங்கள், வாடை என்றதும் நான்கு வரியில் கடிதத்தை முடித்துவிட்டீர்கள். கையெழுத்துக்குக் கீழே முன்னாள் போர்மேன் என்று போடவும் மறந்துவிட்டீர்கள்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் விபத்து அறிக்கையின் நகல் இருக்கிறது. அன்று திங்கட்கிழமை. ‘தொழிலாளி சின்னச்சாமி மருந்துத் தட்டைத் தூக்காமல் தரையில் இழுத்ததால் உராய்வு ஏற்பட்டு’ என்று எழுதியிருக்கிறது. சாட்சி, போர்மேன். ஈரம் என்ற சொல் இல்லை. மிச்சம் என்ற சொல்லும் இல்லை. ஞாயிறு முழுக்க மழை என்று அம்மா சொல்கிறார். அப்பா கூரை ஒழுகிய இடத்தில் எல்லாம் சட்டி வைத்தாராம்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எதையும் தரையில் இழுக்கக் கூடாது. அரிசி டப்பா, நாற்காலி, என் பள்ளிப் பெட்டி எதுவானாலும் தூக்கித்தான் வைக்க வேண்டும். தரையில் உரசும் சத்தம் கேட்டாலே அம்மா, “தூக்கி வை, தூக்கி வை” என்று ஓடிவருவார். முட்டு வலியோடு இன்றைக்கும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கித்தான் நகர்த்துகிறார். அப்பாவின் தப்பை நாங்கள் இரண்டு பேரும் இருபத்தாறு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

ஊர்ப் பொதுவிடமான மந்தையில், செத்தவர்களுக்காக நட்ட கல்லில் மூன்று பெயர் இருக்கிறது. செத்தது நான்கு பேர். மனைவியைப் பறிகொடுத்த கருத்தப்பாண்டி மாமா, “வெடிக்க வச்சவன் பேரும் வெந்தவ பேரும் ஒரே கல்லுல கெடக்கவா?” என்று கேட்டபோது நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்களும் அங்கே நின்றீர்கள். உங்களுக்கு அது கேட்டிருக்காது.

ஒரே கேள்விதான் பெரியப்பா. அன்று காலை அந்த அறையில் மிச்ச மருந்து இருந்ததா?

மாரிச்செல்வி


எம். புதுப்பட்டி
21 ஆகஸ்ட் 2024

மாரிச்செல்விக்கு,

பேச்சு ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றியது. நீ அதை எங்கேயோ கொண்டு போகிறாய். அறிக்கை எழுதியது அதிகாரிகள். படித்தவர்கள். அதில் சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேள்.

மூன்றே இருக்கட்டும். ஒன்றாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள். இனி இதைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

உக்கிரபாண்டி


விருதுநகர்
30 ஆகஸ்ட் 2024

பெரியப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். கேள்வி எதுவும் கேட்கப் போவதில்லை. ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழிலுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று, என் விடைக்குறிப்பு தவறு, எழில் எழுதியது சரி என்று சொன்னேன். ஆர்த்தி விசில் அடித்தாள். அவளை வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று.

நீங்கள் முதல் கடிதத்தில் சொன்ன குற்றச்சாட்டை நான் மறுத்தேன். அந்த மறுப்பு பொய். ஜூன் மாதம் பதிவேட்டில் எழில் பெயரைப் பார்த்த அன்றே அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கோபம் எப்போதோ நனைந்துவிட்டது, இந்தப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளைப்போல நடத்த என்னால் முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத்தான் ஒரு தளபதியின் வாயில் போட்டுத் தேர்வுத்தாளில் வைத்தேன். எழில் அதைப் படித்துவிட்டு, ‘தளபதி மன்னிக்கவில்லை, அது அவனுக்கே தெரியாது’ என்று எழுதினாள். அதற்குத்தான் நான் ‘தவறு’ என்று எழுதினேன்.

அநியாயம் என்று நீங்கள் சொன்னது சரி. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உங்களிடமிருந்து வராத ஒன்றை அவரிடம் கொண்டுபோக முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரிச்செல்வி


எம். புதுப்பட்டி
13 செப்டம்பர் 2024

அன்புள்ள மிஸ்ஸுக்கு (அத்தைன்னு எழுதலாமான்னு தெரியல, அதனால மிஸ்),

நான் நல்லா இருக்கேன். காலாண்டுத் தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கேன். இதை உங்ககிட்ட நேர்ல சொல்ல முடியல, ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்காங்க.

தாத்தா சரியாச் சாப்பிடுறதில்ல. பத்து நாளா மந்தையில அந்தக் கல்லுக்கு முன்னால போய் உக்காந்துக்கிறாரு. நேத்து நல்ல மழை. வழக்கமா வீடு பூரா மோந்து பாப்பாருல்ல, நேத்து அசையவே இல்ல. நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. அப்பா குடையோட போயி, “வாங்கய்யா, ஊரே பாக்குது”ன்னு கூப்பிட்டாரு. தாத்தாவுக்குக் கேக்காதுல்ல, அப்பா கத்தக் கத்த ஊருக்குத்தான் கேட்டுச்சு.

அப்புறம் நான் சிலேட்டைக் கொண்டு போயி, ‘என்ன தாத்தா ஆச்சு’ன்னு எழுதிக் காட்டினேன். மழையில எழுத்து அழிஞ்சிருச்சு. தாத்தா என்னைப் பாத்து, “ஒன் விடை சரிதாம்மா. முழுசாச் சரி”ன்னு மட்டும் சொன்னாரு. அஞ்சுக்கு அஞ்சு கிடைச்சு ரெண்டு வாரம் ஆச்சு மிஸ். அதை இப்ப ஏன் சொல்றாருன்னு தெரியல.

நான் அந்த விடையை எழுதியிருக்கக் கூடாதோ?

எழில்


எம். புதுப்பட்டி
17 செப்டம்பர் 2024, புரட்டாசி முதல் நாள்

மாரிச்செல்விக்கு,

இந்தத் தடவை சுகம் என்று எழுத வரவில்லை. காய்ச்சல், அது போய்விடும்.

நீ கேட்டதற்குப் பதில்: இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரைத் தட்டு மருந்து மிஞ்சியது. அழித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது, திங்கள் காலை லோடு ஏற்ற வேண்டும். “மூடி வைங்க, திங்கக்கெழம மொத வேலையாத் தீத்துருவோம்” என்று சொன்னது நான். முதலாளி சொல்லவில்லை, அவர் அன்று ஊரிலேயே இல்லை. அந்த அறையில் ஓடு ஒழுகும் என்பதும் எனக்குத் தெரியும்.

திங்கள் காலை உன் அப்பன் கதவைத் திறந்தவன் உள்ளே போகாமல் திரும்பி வந்தான். “அண்ணே, வாடை ஒரு மாதிரி வருது. மாட்டுக் கொட்டம் மாரி அடிக்கி” என்றான். நான், “லாரி வந்து நிக்கி. ஒனக்கு இன்னைக்குத்தான் மூக்கு வேலை செய்யுதாக்கும்? உள்ள போலே” என்றேன். அவன், “சரிண்ணே” என்றான். மற்ற மூன்று பேரும் அவன் பின்னால் போனார்கள். அவன் தட்டைத் தொட்டிருக்கவே முடியாது. வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைக்கும் நேரம்தான். என் காதில் கடைசியாக விழுந்த பேச்சு அந்த ‘சரிண்ணே’. அதற்கப்புறம் இந்தக் காது ஒன்றையும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அதிகாரி வந்தார். எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு தாளில் ‘எப்படி நடந்தது?’ என்று எழுதிக் காட்டி, பேனாவைக் கையில் கொடுத்தார். நான் ‘சின்னச்சாமி இழுத்தான்’ என்று எழுதினேன். இரண்டே சொல். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து, நானாக எழுதினேன்.

எழில் விடை சரி என்று நிரூபிக்கத்தான் உனக்கு எழுத ஆரம்பித்தேன். நிரூபித்தும்விட்டேன். பிள்ளை எழுதியது சரி என்றால் நான் எழுதியது தவறு. ஒரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். இரண்டையும் சரியாக்க வழி இல்லை. பிள்ளையின் விடையை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால், கொடுப்பதா வேண்டாமா என்கிற பாரத்தையும் உன் தலையில் வைத்ததாகும். செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

கருத்தப்பாண்டி வீட்டுக்கும் மற்ற இரண்டு வீட்டுக்கும் போய் இதைச் சொல்ல வேண்டியது நான். அவன் கையை ஓங்கினால் யாரும் குறுக்கே விழக் கூடாது என்று மாரிக்கண்ணனிடம் சொல்லிவிட்டேன். மாரிக்கண்ணனுக்கு நேற்றுத்தான் தெரியும். அவன் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை அவன்தான் என்னை வேனில் ஏற்றி, அறிக்கை எழுதிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே கொடுக்க இதே விவரத்தைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். டைரித் தாள் இல்லை, நல்ல தாள். அவர்கள் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியதும் மாரிக்கண்ணன்தான். அவர்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்.

கல்லில் மூன்று பெயருக்குக் கீழே இடம் இல்லை. மேலே இருக்கிறது. புரட்டாசி பன்னிரண்டு அவர்கள் போன நாள். அதற்குள் அங்கே சின்னச்சாமி பெயரை வெட்ட வேண்டியது கல்தச்சன். எழுத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது எழில், நான் இல்லை. அவள் அந்த விடையை எழுதியிருக்கக் கூடாதோ என்று குழம்பிக்கொண்டிருக்கிறாள். எழுதியதுதான் சரி என்று அவளுக்குச் சொல்ல வேண்டியது நீ. நான் சொன்னால் தாத்தா செல்லம் கொடுக்கிறார் என்பாள்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டியதும் நீதான். ஒரு வரியையும் விடாதே. படித்து முடித்ததும் குருவம்மாள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அரிசி டப்பாவை அவள் கையால் தரையில் இழுத்து வைக்க வேண்டும். சத்தம் வரட்டும். எனக்குக் கேட்காது. உங்கள் இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும்.

சின்னச்சாமியின் அண்ணன்,
உக்கிரபாண்டி